நான் வைத்த தலைப்பும் அம்மா வீட்டுச் சுவர்ப் பூச்சியும்!

உங்கள் வீட்டு பாத்ரூம் சுவரையோ, பீரோவுக்குப் பின்பக்கச் சுவரையோ ஒருமுறை பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் நீளத்தில், சாம்பல் நிறத்தில், வெள்ளரி விதை வடிவத்தில் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கலாம். நடுவில் அகலம், இரண்டு முனையிலும் குறுகல். சிமென்ட் துணுக்கு என்று நினைத்துக் கடந்துபோயிருப்போம். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், அது நாலு விரல் தள்ளிப் போயிருக்கும்.

எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கிடையாது. ‘சுவத்துல ஒட்டிக்கிட்டு நகருமே, அது’ என்றால் எல்லோருக்கும் புரிந்துவிடும். அந்தப் பெயரில்லாத பூச்சிக்கு ஒருநாள் நான் பெயர் வைத்தேன். ‘விஷப் புழு’. அதன் பலனை அனுபவித்தது என் அம்மா.

டிப்ளமோ முடித்து, ஓர் இணையதளத்தில் சேர்ந்த புதிது. காலையில் வேலைக்கு வந்ததும் அன்றைக்கு எது வைரல் என்று பார்ப்போம். அன்று ஒரு வாட்ஸ்அப் வீடியோ சுற்றிக்கொண்டிருந்தது. சுவரில் ஊர்ந்த ஒரு கூட்டைப் பிய்த்துப் போட, அதிலிருந்து வெள்ளைப் புழு நெளிந்து வருகிறது. பின்னணியில் திகில் இசை. “இருபது நிமிஷத்துல ஒரு கட்டுரை வேணும்” என்றார்கள். இருபது நிமிடத்தில் கொடுத்தேன்.

‘உங்க வீட்டுச் சுவர்ல இது இருக்கா? உயிருக்கே ஆபத்து?’ என்று தலைப்பு. கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டால் அது பொய் ஆகாது என்று எங்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை உண்டு.

உள்ளே என்ன எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இது விஷப் புழு. சிமென்ட்டைத் தின்று சுவரை அரித்துவிடும். உடம்பில் பட்டால் படர்தாமரை போன்ற தோல் நோய்கள் வரும். உடனே மருந்து அடித்து விரட்டுங்கள். இதில் ஒரு வரிகூட உண்மை இல்லை. அதற்கு மேல் வைத்த படம் ஏதோ ஒரு கம்பளிப்பூச்சியுடையது. பார்த்தாலே அரிக்க வேண்டும் என்பதற்காகத் தேடி எடுத்தது.

கட்டுரை நன்றாக ஓடியது. ‘சூப்பர்’ என்று முதுகில் தட்டினார்கள். எனக்கும் சந்தோஷம்தான்.

‘நீ எழுதினதுதானே பாப்பா!’

மூன்றாவது நாள் ராத்திரி பதினோரு மணிக்கு போன். மயிலாடுதுறையில் எங்கள் எதிர்வீட்டு அக்கா. “அம்மாவுக்கு மூச்சு வாங்குதும்மா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்திருக்கோம். பயப்படாத, மாஸ்க் வெச்சிருக்காங்க.”

அப்பா தவறிய பிறகு அம்மா அந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி, விடிந்தும் விடியாமலும் போய்ச் சேர்ந்தேன். அதற்குள் அம்மா தேறி, கட்டிலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பூச்சி மருந்து ஸ்பிரே இரண்டு டப்பா வாங்கி, ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, வீடு முழுக்க அடித்திருக்கிறார். அப்புறம் அதே கூடத்தில் பாயை விரித்துப் படுத்திருக்கிறார்.

“ஏம்மா இப்படிப் பண்ணே? யாராவது கதவச் சாத்திட்டு மருந்தடிச்சுட்டு அங்கயே படுப்பாங்களா?”

அம்மா என்னை ஆச்சர்யமாகப் பார்த்தார். “நீ எழுதினதுதானே பாப்பா! கீழ உன் பேரு போட்டிருந்துச்சு. அதான் உடனே செஞ்சேன்.”

போனை எடுத்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பைக் காட்டினார். என் கட்டுரையின் லிங்க். அதன் மேல், ‘என் பொண்ணு எழுதினது. எல்லாரும் படிங்க. ஜாக்கிரதையா இருங்க.’ கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். கோவை சித்தி, ‘எங்க வீட்லயும் நெறைய இருக்கு, நாளைக்கே மருந்து வாங்கறேன்’ என்று எழுதியிருந்தார். சித்தி வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று சித்திக்கு போன் போட்டேன். “சித்தி, மருந்து வேணாம். நான் எழுதினது தப்பு.” இந்த மூன்று வார்த்தையைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்பது எனக்குத்தான் தெரியும்.

கூட்டோடு நடக்கும் புழு

அம்மாவை வீட்டுக்கு அழைத்து வந்து, எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டேன். பின்கட்டுச் சுவரில் அந்தக் கூடுகள் இருந்தன. ஒன்றிரண்டு இல்லை, இருபதுக்கும் மேல். அதில் மூன்று நான்கு சாவகாசமாக நடந்துகொண்டிருந்தன. அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய மருந்து, அவற்றை ஒன்றும் செய்யவில்லை. புழு உறைக்குள் பத்திரமாக இருக்கும்போது, மேலே அடிக்கும் மருந்து அதை எட்டுவது கஷ்டம்.

நான் ‘விஷப் புழு’ என்று எழுதியதை முதன்முதலாக உட்கார்ந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

ஒன்றை ஒரு வெள்ளைத் தாளில் எடுத்துவைத்தேன். கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு ஒரு முனை லேசாகத் திறந்து, பழுப்பு நிறத் தலை எட்டிப் பார்த்தது. தலைக்குப் பின்னால் மூன்று ஜோடிக் குட்டிக் கால்கள். தாளைப் பிடித்துக்கொண்டு, கூட்டை இழுத்துக்கொண்டு நகர்ந்தது. விரலால் வழிமறித்தேன். உள்ளே போய்விட்டது. அடுத்து தலை வந்தது இந்த முனையில் இல்லை, அந்த முனையில்! உறைக்கு இரண்டு பக்கமும் வாசல். உள்ளேயே திரும்பிக்கொண்டு, எந்த வாசலில் வசதியோ அந்த வாசலில் எட்டிப் பார்க்கிறது.

அன்று இரவு, இருபது நிமிடத்தில் படிக்காமல் விட்டதையெல்லாம் படித்தேன். இது ஒரு சின்ன அந்துப்பூச்சியின் புழுப் பருவம். முட்டையிலிருந்து வந்ததும், முதல் சாப்பாட்டுக்கும் முன்பே, வீடு கட்டத் தொடங்கிவிடுகிறது. வாயிலிருந்து வரும் பட்டு நூலால் தரையில் ஒரு சின்ன வளைவு கட்டி, அதற்கடியில் நுழைந்து, மறுபக்கத்தையும் பின்னி, கடைசியில் ஒரு குழாயாக மூடிவிடுகிறது. உள்பக்கம் முழுக்கப் பட்டு மெத்தை. வெளிப்பக்கம் மணல், மண், துரு, முடி, செத்த பூச்சிகளின் துணுக்குகள் என்று நம் வீட்டுக் குப்பையில் எது கிடைக்கிறதோ அது. அதனால்தான் அது சுவரின் நிறத்திலேயே இருக்கிறது. சிமென்ட்டைத் தின்பதில்லை, உதிர்ந்த மணலைப் பொறுக்கி மேலே ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். புழு வளர வளரக் கூட்டையும் பெரிதாக்கிக்கொள்ளும். முழுதாக வளர்ந்த புழு 7 மில்லிமீட்டர்தான். அதன் வீடு 8 முதல் 14 மில்லிமீட்டர் வரை இருக்கும்.

கடிக்காது. கொட்டாது. விஷமில்லை.

அப்படியானால் அந்தப் படர்தாமரை எங்கிருந்து வந்தது? அதையும் கண்டுபிடித்தேன். இந்தப் பூச்சிக்கு முதலில் வைத்த அறிவியல் பெயர் ‘டினியா’ என்று தொடங்கும். லத்தீனில் டினியா என்றால் அரித்துத் தின்னும் புழு, அதாவது துணி அரிக்கும் பூச்சி. டாக்டர்கள் படர்தாமரையையும் ‘டினியா’ என்றுதான் எழுதுவார்கள். அது பூஞ்சையால் வருவது. பழைய காலத்தில் தோலைப் பூச்சி அரிப்பதாக நினைத்து வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டது. நான் ‘டினியா’ என்று தேடினேன், படர்தாமரைப் படங்கள் வந்தன, எழுதிவிட்டேன். பெயர் ஒன்று, ஆள் வேறு. போலீஸ் ஸ்டேஷனில் பெயர்ப் பொருத்தத்துக்காகத் தப்பான ஆளைப் பிடித்து உட்காரவைப்பார்களே, அதைத்தான் செய்திருக்கிறேன்.

ஒட்டடைக்கம்பைத் தொட்டு எத்தனை மாதம்?

அது என்ன சாப்பிடுகிறது என்று படித்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது.

கம்பளித் துணியைத் தின்னும். உதிர்ந்த முடி, செத்த பூச்சிகள், தன் இனத்தார் விட்டுப்போன பழைய கூடுகளையும் தின்னும். ஆனால், வீட்டுக்குள் இதற்கு முக்கியமான சாப்பாடு பழைய சிலந்தி வலை. அதாவது, ஒட்டடை! அதோடு காற்றில் ஈரப்பதமும் வேண்டும். அதனால்தான் பாத்ரூம், சமையலறை, காற்றோட்டமில்லாத மூலைகள் என்று இருக்கிறது.

நிமிர்ந்து கூடத்தின் விட்டத்தைப் பார்த்தேன். மூலைக்கு மூலை ஒட்டடை தொங்கிக்கொண்டிருந்தது.

இது எங்கள் வீட்டில் நடக்காத விஷயம். வெள்ளிக்கிழமை வீடு கழுவுவதற்கு முன்னால், வியாழக்கிழமையே அம்மா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒட்டடைக்கம்போடு கிளம்பிவிடுவார். சின்ன வயதில் எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. பாதித் தூக்கத்தில் என் முகத்தில் தூசி விழும்.

“அம்மா, ஒட்டடை அடிச்சு எத்தன நாளாச்சு?”

“அடிக்கணும்டி. நேரமே கிடைக்கல.”

தனியாக இருக்கும் அம்மாவுக்கு நேரம் கிடைக்கவில்லை என்பதை நம்ப முடியவில்லை. “கைய மேல தூக்கு பார்ப்போம்” என்றேன். இடது கை மேலே போனது. வலது கை தோள் உயரத்துக்குக்கூட வரவில்லை. வலியில் முகம் சுருங்கியது.

ஆறு மாதமாம். தலை பின்னுவதற்கு எதிர்வீட்டு அக்கா வருகிறாராம். மேல் ஷெல்ஃபில் இருந்த டப்பாக்கள் எல்லாம் கீழே வந்துவிட்டன. நான் தினமும் வீடியோ கால் பேசினேன். போன் அம்மாவின் முகத்தைத்தான் காட்டியது, தோளைக் காட்டவில்லை. “நீயே பாவம், வேலையில ஓடிக்கிட்டு இருக்க. இதையெல்லாம் சொல்லி என்ன ஆகப்போகுது” என்றார்.

நான் சொல்லாமல் விட்டிருந்தாலும், அம்மா சொல்லாமல் விட்டிருந்தாலும், அந்தச் சுவர் சொல்லிவிட்டது. ஒட்டடை சேர்ந்த வீட்டில்தான் இந்தப் பூச்சி சேரும். சுவரில் ஊர்ந்த இருபது கூடுகளும், அம்மாவால் ஆறு மாதமாகக் கையைத் தூக்க முடியவில்லை என்பதற்குக் கணக்கு. சரியாகப் படித்திருந்தால், நான் எழுத வேண்டிய கட்டுரை வேறு: ‘இந்தப் பூச்சி நிறைய இருந்தால், ஒட்டடை அடியுங்கள். ஜன்னலைத் திறந்துவையுங்கள். பீரோவை நகர்த்திப் பெருக்குங்கள். கூடுகளைத் துடைப்பத்தால் கூட்டி எடுத்துப் போடுங்கள்.’ மருந்தே தேவைப்பட்டிருக்காது.

அன்று தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நான் ஒட்டடை அடித்தேன். அம்மா கீழே நின்று, “அந்த மூலை... அதோ, ஃபேனுக்குப் பின்னால...” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மறுநாள் எலும்பு டாக்டரிடம் போனோம். தோள்பட்டை இறுகிப்போயிருக்கிறது, பயிற்சி செய்தால் சரியாகும், கொஞ்சம் பொறுமை வேண்டும் என்றார்.

ஒரு பூச்சி, எத்தனை பெயர்!

ஊருக்குத் திரும்பும் முன் ஒரு வேலை செய்தேன். ஒரு கூட்டை மட்டும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, கொஞ்சம் ஒட்டடையும் செத்த கொசு இரண்டும் உள்ளே வைத்து, வாயில் துணி கட்டி அம்மாவிடம் கொடுத்தேன். “என்ன ஆகுதுன்னு பாரும்மா.” அம்மா தலையில் அடித்துக்கொண்டார். ஆனால், வாங்கி ஜன்னல் மேடையில் வைத்தார்.

சென்னையில் ஒரு கல்லூரியில் பூச்சியியல் சொல்லிக்கொடுக்கும் பேராசிரியரைத் தேடிப் போனேன். என் பழைய கட்டுரையைப் படித்திருந்தார். திட்டவில்லை. சிரித்தார், அது திட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

பட்டாம்பூச்சியும் அந்துப்பூச்சியும் ஒரே வரிசை. சிறகில் பொடி மாதிரி ஒட்டுமே, அந்தச் செதில்கள்தான் இவற்றின் அடையாளம். உலகில் இதுவரை பெயர் வைக்கப்பட்டவை ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அதில் பெரும்பாலானவை அந்துப்பூச்சிகள். நம் பூச்சி ‘டினெய்டே’ என்ற குடும்பம். கம்பளித் துணியை அரிக்கும் பூச்சிகளும் இதே குடும்பம்தான். இலை தழையைத் தின்னாமல் பூஞ்சை, முடி, இறகு, குப்பை என்று மற்றவர்கள் விட்டதைத் தின்று வாழ்வது இந்தக் குடும்பத்தின் குணம்.

“செடியில குச்சி குச்சியா ஒட்டிக்கிட்டுத் தொங்குற கூடு பார்த்திருப்பீங்க. அது வேற குடும்பம், ‘சைக்கிடே’. நெருங்கின சொந்தம்தான். ஆனா, இதுவும் அதுவும் ஒண்ணுன்னு நெனச்சு ரொம்ப நாளா இங்கிலீஷ்ல இதையும் ‘பிளாஸ்டர் பேக்வார்ம்’னு கூப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. இப்ப ‘ஹவுஸ்ஹோல்டு கேஸ்பேரர்’ங்கறாங்க. வீட்டுல உறை சுமக்குறது” என்றார்.

அறிவியல் பெயரின் கதை அதைவிடச் சுவாரஸ்யம். 1892-ல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஹான்ஸ் ரெபல், கேனரி தீவுகளில் கிடைத்த ஒரு பூச்சிக்கு ‘அலுட்டெல்லா’ என்று பெயர் வைத்தார். 1897-ல் இங்கிலாந்தின் வால்சிங்கம் பிரபு ‘ஊட்டரெல்லா’ என்ற ஒன்றைப் பதிவுசெய்தார். இந்த வால்சிங்கம் ஒரு விசித்திரமான மனிதர். 1888-ல் ஒரே நாளில் 1,070 காட்டுக்கோழி இனப் பறவைகளைச் சுட்டவர். அதே மனிதர்தான் கண்ணுக்கே தெரியாத குட்டிப் பூச்சிகளைச் சேகரித்து, புள்ளி புள்ளியாகப் பார்த்து, 2,60,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளை லண்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்.

1930-களில் அமெரிக்காவில் ஆகஸ்ட் பஸ்க் என்பவர் இந்த உறைக்காரப் பூச்சியைப் புதிய இனம் என்று கருதி, வால்சிங்கமின் நினைவாக ‘வால்சிங்கமி’ என்று பெயர் வைத்தார். அது வால்சிங்கம் ஏற்கெனவே பெயர் வைத்த ஊட்டரெல்லாதான் என்று பின்னால் சொன்னார்கள். பெயர் வைத்தவருக்கே அவருடைய பூச்சியைப் பரிசாகக் கொடுத்திருக்கிறார்கள்!

1956-ல் ஹின்டன், பிராட்லி என்ற இருவர், இந்தத் தட்டையான கூட்டுக்காரர்களைத் துணிப்பூச்சிகளின் பேரினத்திலிருந்து பிரித்து, தனிப் பேரினம் உண்டாக்கினார்கள். பெயர், ‘ஃபெரியோக்கா’. கிரேக்கத்தில் வீட்டைச் சுமப்பது என்று பொருள் வரும்.

“சரி சார், எங்க அம்மா வீட்டுல இருக்குறது அலுட்டெல்லாவா, ஊட்டரெல்லாவா?”

போனில் இருந்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். “ஃபெரியோக்கான்னு சொல்லலாம். அதுக்கு மேல போட்டோவ வெச்சு சொல்ல மாட்டேன்.”

இந்தியாவிலும் இலங்கையிலும் பதிவானது அலுட்டெல்லா. ஆனால், இணையத்தில் நம்மூர்ச் சுவர்ப் படங்களுக்கும் ஊட்டரெல்லா என்று போட்டுவிடுகிறார்கள். கூட்டை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. மண் கிடைத்தால் மண் நிறம், துரு கிடைத்தால் துரு நிறம் என்று கூடு மாறிக்கொண்டே இருக்கும். கூட்டைப் பார்த்து ஏமாந்ததாலும்தான் பழைய குழப்பங்கள் வந்தன. வளர்ந்த அந்துப்பூச்சியைப் பிடித்து, அதன் வயிற்று நுனியில் இருக்கும் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்து, மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும்.

“பார்க்காதவரைக்கும் பேரினத்தோட பேர எழுதி, பக்கத்துல ‘எஸ்பி.’ன்னு போட்டு நிறுத்திடுவோம். ‘ஸ்பீஷீஸ்’ங்கறதோட சுருக்கம். இந்த வகைதான், ஆனா எந்த இனம்னு இன்னும் உறுதி பண்ணலன்னு அர்த்தம்.”

“எங்க ஊர்ல எஸ்.பி.ன்னா போலீஸ் சார்.”

“இதுவும் போலீஸ் மாதிரிதாம்மா. தெரியாதத எழுதவிடாது.”

அவர் அதை ஜோக்காகத்தான் சொன்னார். நான் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். நூறு வருடத்துக்கும் மேலாக ஒரு குட்டிப் பூச்சிக்காக இத்தனை பேர் மாற்றி மாற்றி எழுதியிருக்கிறார்கள். முன்னால் இருந்தவர் தவறு என்றால் அதையும் அழிக்காமல், ‘பழைய பெயர்’ என்று பட்டியலில் சேர்த்தே வைக்கிறார்கள். உறுதியில்லையா, ‘எஸ்பி.’ போட்டு நிறுத்துகிறார்கள். நாங்களோ உறுதியில்லாத இடத்தில் ஒரு கேள்விக்குறியைப் போட்டு மேலே போய்விடுகிறோம்.

பன்னிரண்டு மணிக்கு வந்த விருந்தாளி

அம்மா பாட்டிலை மறந்திருப்பார் என்று நினைத்தேன். தினமும் எனக்குச் செய்தி வந்துகொண்டிருந்தது. ‘இன்னிக்கு நடந்துச்சு.’ ‘இன்னிக்கு நடக்கல.’ ஒருநாள், ‘கண்ணாடில ஏறி ரெண்டு பக்கமும் ஒட்டிக்கிச்சு. செத்துப்போச்சா?’

சாகவில்லை. கூட்டுப்புழு ஆகப்போகிறது. அந்த நேரத்தில் இது சுவரில் ஏறி, உறையின் இரண்டு முனையையும் ஒட்டிக்கொள்ளும். ஒரு முனையின் ஓரங்களை லேசாகக் கத்தரித்துத் தட்டையாக்கி, வெளியே போக ஒரு கதவு செய்துவைத்துக்கொள்ளும். சிறகு முளைத்த பிறகு கத்தரிக்க வாய் இருக்காதே, அதற்கான முன்னேற்பாடு!

இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வீடியோ கால். “வந்துடுச்சுடி! சோறு வடிச்சுட்டுத் திரும்பிப் பாக்குறேன், உக்காந்திருக்கு. மணி பன்னெண்டு இருக்கும்.” பனாமா நாட்டில் இதே கூட்டுக்காரர்களை வளர்த்து ஆராய்ந்து 1979-ல் எழுதியவர் அனெட் அயெல்லோ. இவை பெரும்பாலும் நடுப்பகலில்தான் வெளியே வரும் என்று படித்திருந்தேன். மயிலாடுதுறையில் என் அம்மாவும் அதையே சொன்னபோது சிலிர்த்துவிட்டது.

அம்மா கேமராவை பாட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கூட்டின் முனையில், காலியான மெல்லிய தோல் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அந்தப் பூச்சி. சாம்பல் நிறம், முன்சிறகில் கருமையான புள்ளிகள், ஓரத்தில் வெளிறிய முடிக்குஞ்சம். சிறகைக் கூரை மாதிரி மடித்து உட்கார்ந்திருந்தது. பெண் பூச்சியாக இருக்க வேண்டும். பெண்ணுக்குச் சிறகை விரித்தால் 10 முதல் 13 மில்லிமீட்டர் இருக்கும், ஆண் அதைவிடச் சின்னது, புள்ளிகளும் மங்கலாக இருக்கும்.

“என்ன சாப்பிடும்? சர்க்கரத் தண்ணி வெக்கவா?”

“ஒண்ணும் சாப்பிடாதும்மா. அதுக்கு வாய் வளர்றதில்ல. முட்ட போட்டுட்டு செத்துடும்.”

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. “அந்தப் பேர இன்னொரு தடவ சொல்லு. வீட்டத் தூக்கிட்டுப் போறதுன்னு சொன்னியே...”

“ஃபெரியோக்கா.”

“வாயில நுழையல. நான் சுவத்துப்பூச்சின்னே சொல்லிக்கிறேன். ஆனா, விஷப் புழுன்னு சொல்ல மாட்டேன்.” சொல்லிவிட்டு, துணியை அவிழ்த்துக் கொல்லைப்பக்கம் பாட்டிலைக் கவிழ்த்தார். கவிழ்த்தது வலது கை. காது உயரம் வரை போயிருந்தது. அம்மா அதைக் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன்.

அன்றைக்கு மறுநாள், அந்தப் பழைய கட்டுரையைத் திருத்த அனுமதி கேட்டேன். “தூக்கிடலாமே, எதுக்கு வம்பு?” என்றார்கள். தூக்கினால் படித்தவர்களுக்கு எப்படித் தெரியும்? கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். கம்பளிப்பூச்சிப் படத்தை எடுத்துவிட்டு, அம்மா எடுத்த படத்தை வைத்தேன். மேலே, ‘இதற்கு முன் இந்தக் கட்டுரையில் சொன்னவை தவறு’ என்று தொடங்கி, எவையெல்லாம் தவறு என்று ஒவ்வொன்றாக எழுதினேன். கீழே மறுபடி என் பெயர்.

முதலாவதைப் படித்தவர்களில் கால்வாசிப் பேர்கூட இரண்டாவதைப் படிக்கவில்லை. யாரும் முதுகில் தட்டவில்லை.

ஆனால், அன்று ராத்திரி எங்கள் குடும்ப குரூப்பில் ஒரு லிங்க் வந்தது. அனுப்பியது அம்மா.

‘என் பொண்ணு முன்னாடி எழுதினது தப்பு. இது சரி. எல்லாரும் படிங்க. மருந்தடிக்காதீங்க, ஒட்டட அடிங்க.’

கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்.